பிறர் பொருளும் பேரேடும்

மனிதர் செய்யும் நன்மை தீமைகளை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் எமபுரியில் அமர்ந்திருக்கிறார் என்பது நம் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. சித்திரைப் பௌர்ணமி தோறும் அந்தச் சித்திரபுத்திரனாரின் கதையைப் படிக்கக் கேட்டு, ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்து வணங்கி வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தக் கணக்கை இதுவரை எவரும் கண்டதில்லை, தணிக்கை செய்ததில்லை, நகல் கேட்டதுமில்லை. ஆயினும் அதன்மேல் நமக்குள்ள நம்பிக்கை அளவற்றது.

இந்த நம்பிக்கையால் விளைந்த பயன் யாது? மேலே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தால், கீழே எழுதப்படவேண்டிய கணக்கை நாம் கேளாதிருந்துவிட்டோம். நம் பணத்தை வாங்கியவர் நமக்குக் கணக்குக் காட்டவில்லையென்றால், 'அவன் கணக்கை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டோம். ஆண்டவன் பார்த்தானோ இல்லையோ, நாம் பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதி.

எமபுரி ஏட்டைப் பற்றி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறர் பொருளை வாங்கி, அதை முதலீடு செய்து பெருக்கித் தருகிறேன் என்று தொழில் நடத்துவோர் எழுதிவைக்கும் ஏட்டைப் பற்றியே ஈண்டு ஆராய்வோம். அந்த ஏட்டை எத்தனை காலம் காப்பது கடமை? அது யாருடைய உடைமை? சட்டம் குறித்த காலம் கடந்தபின் அதை அழித்துவிடுவது அறமாகுமா? பார்வைக்கு இவை அலுவலகக் கேள்விகள்போல் தோன்றும். உண்மையில் இவை ஏழையின் வயிற்றைத் தொடும் கேள்விகள்.

மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி வாழ்ந்த ஒரு மூதாட்டியை நான் அறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரும் அவர் கணவரும் தம் சேமிப்பில் ஒரு பகுதியை ஒரு முதலீட்டுத் திட்டத்தில் போட்டிருந்தனர். கணவர் இறந்தபின், பிஸ்கட் டின்னில் துணிசுற்றி வைத்திருந்த ரசீதை எடுத்துக்கொண்டு பட்டணத்து அலுவலகத்துக்குச் சென்றார். துணைக்கு நானும் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையுடனேயே பேசினார். ஏழாண்டுக்கு மேற்பட்ட ஏடுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்றும், ரசீதின் எண் தம் பதிவில் இல்லையென்றும், தம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றும் சொன்னார். மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படிக்கத் தெரியாத நானே முப்பது வருசமா இந்தக் காயிதத்தைக் காப்பாத்தி வச்சிருக்கேன். படிச்சவங்க நீங்க ஏன் ஐயா வச்சிக்கல?"

இளைஞரிடம் விடையில்லை. அன்று என்னிடமும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

ஏடு என்பது யாது?

முதலீட்டுத் தொழிலில் ஏடு இருவகைப்படும். இன்னாரிடமிருந்து இவ்வளவு வந்தது, இன்ன பங்கில் இவ்வளவு போடப்பட்டது, இவ்வளவு திரும்பியது என்னும் பணக்கணக்கு முதல்வகை. இதை எல்லோரும் அறிவர். இரண்டாம் வகை காரணக்கணக்கு. இந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆலோசகர் ஏன் சொன்னார்? அன்று அவர் எதைப் படித்தார், எவரை விசாரித்தார், எந்த அபாயத்தை எடுத்துரைத்தார், முதலீடு செய்தவரின் வயதையும் வருவாயையும் தேவையையும் கேட்டறிந்தாரா என்பனவற்றை அன்றே எழுதிவைப்பது.

அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் தலைமையிடம் கொண்ட சி.எப்.ஏ. நிலையம், உலகெங்குமுள்ள முதலீட்டுத் தொழிலாளர்க்கு வகுத்துள்ள ஒழுக்க நெறிகளில், ஏடு காத்தலை ஒரு தனி நெறியாகவே வைத்திருக்கிறது. தம் ஆராய்ச்சிக்கும் ஆலோசனைக்கும் செயலுக்கும் ஆதாரமான குறிப்புகளை உறுப்பினர் ஒவ்வொருவரும் உண்டாக்கிக் காத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டுச் சட்டம் காலவரையறை குறிக்காத இடத்தில் ஏழாண்டேனும் காக்கவேண்டுமென அது பரிந்துரைத்தது.

இரண்டாம் வகை ஏட்டின் அருமையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர் சொற்படி நாம் பணத்தைப் போடுகிறோம், அது நஷ்டமாகிறது. நஷ்டம் இருவகையால் வரலாம். ஆலோசகர் நேர்மையாக ஆராய்ந்து சொல்லியும், காலம் மாறியதால் வந்திருக்கலாம்; அல்லது தமக்குக் கிடைக்கும் தரகுக்காக ஆராயாமலே சொல்லியிருக்கலாம். இழந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் வேற்றுமை தெரியாது. தவறினவரையும் ஏமாற்றினவரையும் பிரித்துக் காட்ட வல்லது அன்று எழுதிய குறிப்பு ஒன்றே.

அன்று எழுதியது என்பதே இங்கு முக்கியம். விளைவைக் கண்ட பின்னர்க் காரணத்தைக் கற்பித்துக்கொள்வது மனித இயல்பு. பொய் சொல்லவேண்டுமென்ற எண்ணம் இல்லாதவர்கூட, ஐந்தாண்டு கழித்துக் கேட்டால், தாம் அன்றே எச்சரித்ததாக உண்மையாகவே நம்புவார். மனம் தனக்குச் சாதகமாகவே நினைவு கொள்ளும். ஆதலின், ஏட்டை அயோக்கியர்க்கு இட்ட விலங்கு என்று மட்டும் கொள்ளலாகாது; அது யோக்கியருக்குக் கவசமுமாகும். ஏடு வைக்காத நேர்மையாளர், தம் நேர்மைக்குச் சாட்சியில்லாமல் செய்துகொள்கிறார்.

மலாக்காவின் பழைய கணக்கு

பிறர் பொருளைக் கடல் கடந்து நடத்திக் கணக்குக் கொடுக்கும் வழக்கம் மலாக்காவுக்குப் புதிதன்று. 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் இந்நகரைப் பிடித்தபின், இங்கிருந்த கெலிங் வணிகர்களின் தலைவராகிய நைனா சட்டு அவர்களோடு கூட்டு வாணிகம் செய்தார். 1512இல் இங்கிருந்து பெகு நாட்டுக்குச் சென்ற மரக்கலத்தில் அரசுக்கும் அவருக்கும் பங்கிருந்தது. அப்பயணத்தில் பேரோ பாய்ஸ் என்னும் போர்த்துகீசக் காரியஸ்தர் எழுதிய கணக்கு இன்றும் லிஸ்பன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பங்காளிகள் மறைந்தனர், மரக்கலம் மறைந்தது, கோட்டை கட்டியவர்களும் போயினர். கணக்கு இருக்கிறது. ஐந்நூறாண்டு கடந்தும் ஆராய்ச்சியாளர் அதைப் படித்து, இன்ன சரக்கு ஏறியது, இன்னார்க்கு இன்ன பங்கு என்று சொல்ல முடிகிறது.

பின்னர் வந்த காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கணக்கு முறை பெயர்பெற்றது. மலாக்காவில் பல தலைமுறைகளாக வாழும் மலாக்காச் செட்டி சமூகத்தார் வேறு, வட்டிக்கடை வைத்த நாட்டுக்கோட்டையார் வேறு என்பதை நம் வாசகர் அறிவர். நாட்டுக்கோட்டையாரின் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் முதலில் கற்பது கணக்கே. நாட்குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று ஒழுங்காக எழுதப்பட்டன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் மூன்றாண்டுக் கணக்குக்கு இங்கு வந்து கடை நடத்துவார். தவணை முடிந்தால், அடுத்து வருபவரிடம் பெட்டியையும் பேரேட்டையும் ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். பேரேட்டைத் தம்மோடு கொண்டுபோக மாட்டார். அது கடைக்கு உரியது.

சி.எப்.ஏ. நிலையத்தின் நெறியும் இதையே சொல்லுகிறது. வேலையை விட்டுச் செல்லும் ஆலோசகர், தாம் எழுதியதேயாயினும், குறிப்புகளைத் தம் நிறுவனத்தின் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது. புதிய இடத்தில் ஆதாரங்களைப் புதிதாகவே திரட்டவேண்டும். நம்மவர் பெட்டியடியில் கற்ற பாடத்தையே மேல்நாட்டார் இன்று அச்சிட்டுக் கொடுத்திருக்கின்றனர் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆயின் பெருமை அவ்விடத்தோடு நிற்கவேண்டும். அந்தப் பேரேடு முதலாளிக்கும் மேலாளுக்கும் இடையே நாணயத்தைக் காத்தது. கடன் வாங்கினவனுக்கு அது என்ன செய்தது? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பின்னர்த் தொகையை எழுதிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு வட்டிக்கடைகளின்மேல் எத்தனை முறை எழுந்தது! இதை உணர்ந்தே 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம், ஒவ்வொரு கடனையும் பக்க எண்ணிட்டுக் கட்டிய புத்தகத்தில், ஏடு கிழித்தெடுக்க எளிதில் இயலாதவாறு, எழுதவேண்டுமென்று விதித்தது. முதலாளியின் கண்ணுக்காக மட்டும் எழுதப்பட்ட கணக்கு பாதிக் கணக்கே என்பது இதனால் விளங்கும்.

ஏழாண்டு

நிற்க. இனி அந்த அலுவலகத்து இளைஞர் சொன்ன ஏழாண்டைப் பார்ப்போம். அவர் சொன்னது அவர் கற்பனையன்று. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கணக்கேடுகளை, நடவடிக்கை முடிந்தபின் ஏழாண்டு காக்கவேண்டுமென்கிறது. கள்ளப்பணத்தைத் தடுக்க 2001இல் இயற்றிய சட்டம், கணக்கு மூடப்பட்ட பின்போ நடவடிக்கை முடிந்த பின்போ ஆறாண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்லுகிறது. ஒப்பந்தம் பற்றிய வழக்கை ஆறாண்டுக்குள் தொடுக்கவேண்டுமென்பது 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். ஆகவே ஏழாண்டு என்பது காரணமில்லாமல் பிறந்த கணக்கன்று. வழக்குக் காலம் தீர்ந்து, மேலும் ஓராண்டு சென்றபின் ஏட்டைச் சுமப்பானேன் என்னும் வியாபார நியாயம் அதில் உண்டு.

அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. அரிசி மண்டிக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். இருவருக்கும் கணக்குத் தெரியும். இருவரிடமும் ஏடு உண்டு. சரக்கு கைமாறி, பணம் கைமாறி, காரியம் முடிந்தது. ஏழாண்டுக்குப் பின் அந்தக் காகிதம் கரையானுக்கே பயன்படும். எரித்துவிடட்டும்.

ஆனால் பிறர் சேமிப்பை வாங்கிக் காப்பவர் நிலை அதுவன்று. ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். ஒருவரிடம் பேரேடு, மற்றவரிடம் ஒரு துண்டு ரசீது. இங்குள்ள உறவு வாங்குவோன் விற்போன் உறவன்று. நம்பிக் கொடுத்தவனுக்கும் நம்பிக்கைக்கு ஆளானவனுக்கும் உள்ள உறவு. சட்டமே இந்த வேற்றுமையை அறிந்திருக்கிறது. மேற்சொன்ன 1953ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பொறுப்பாளர் ஒருவர் தம்மை நம்பினவர்க்கு மோசம் செய்தாலோ, அவர் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொண்டிருந்தாலோ, அதை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லையென்று சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை ஆண்டு சென்றாலும் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஆதாரமான ஏட்டை ஏழாண்டில் எரித்துவிட்டால் உரிமை என்னாவது? நீதிமன்றக் கதவு திறந்திருக்கும், உள்ளே விளக்கிராது.

இன்னும் ஒன்று. 'நடவடிக்கை முடிந்தபின்' என்றே சட்டம் சொல்லுகிறது. நடவடிக்கை எப்போது முடிகிறது? பணத்தை வாங்கி ரசீது கொடுத்த அன்றே முடிந்துவிட்டது என்று கணக்கிடுவது அலுவலகக் கணக்கு. பணம் உரியவர் கையில் திரும்பச் சேர்ந்த அன்றே முடிகிறது என்பது அறத்தின் கணக்கு. அந்த மூதாட்டியின் காரியம் முடியவில்லை. அவர் பணத்தைத் திரும்பப் பெறவுமில்லை. நஷ்டமாயிற்று என்ற செய்தியையும் பெறவில்லை. முடியாத காரியத்தின் ஏட்டை முடிந்ததென்று எரித்தார்கள். சட்டத்தின் எழுத்துக்கு இது பொருந்துமா என்பதை வழக்கறிஞர் வாதிடட்டும். மனச்சான்றுக்குப் பொருந்தாது என்பதில் வாதமில்லை.

இடமில்லை, செலவாகும் என்பார்கள். அலமாரி அலமாரியாகப் பேரேடு அடுக்கிய காலத்தில் அது நியாயமாக இருந்தது. இன்றோ ஒரு மாநிலத்துத் தோட்டங்களின் கணக்கையெல்லாம் கட்டைவிரல் அளவுள்ள கருவியில் அடக்கலாம். இடநெருக்கடி போனபின்னும் இடநெருக்கடிக் காலத்து வழக்கத்தைப் பற்றிக்கொண்டிருப்பது மூடப்பழக்கத்தில் ஒருவகையே. மூடப்பழக்கம் கோயிலில் மட்டும் குடியிருப்பதில்லை.

எரித்தவர் கதை

ஏட்டை அழிப்பதில் உள்ள வஞ்சகத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஆர்தர் ஆண்டர்சன் என்பது 1913இல் தோன்றிய பெருந்தணிக்கைக் கம்பெனி. என்ரான் என்னும் எரிபொருள் வாணிகக் கம்பெனியின் கணக்கை அது தணிக்கை செய்துவந்தது. 2001ஆம் ஆண்டில் என்ரானின் பொய்க்கணக்கு வெளிப்படத் தொடங்கியது. விசாரணை வரும் என்று தெரிந்த அந்த அக்டோபர் மாதத்தில், தணிக்கைக் கம்பெனியின் வழக்கறிஞர் ஒருவர், ஏடு காக்கும் விதியைப் பின்பற்றுமாறு ஊழியர்க்கு நினைவூட்டினார். அந்த விதியில், தேவையற்றதை அழிக்கவேண்டுமென்ற பகுதியும் இருந்தது. ஹூஸ்டன் நகரத்து அலுவலகத்தில் காகிதங்கள் மூட்டை மூட்டையாகத் துண்டாக்கப்பட்டன.

2002இல் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளியென்றது. 2005இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், ஜூரிமார்க்குச் சட்டம் சரியாக எடுத்துரைக்கப்படவில்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆயினும் அதற்குள் அந்தத் தணிக்கைத் தொழில் அழிந்துவிட்டது. குற்றத்தில் தொடர்பற்ற ஆயிரக்கணக்கான ஊழியர்களும் வேலை இழந்தனர். 2002இலேயே அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றி, விசாரணையைத் தடுக்க ஏட்டை அழிப்பவர்க்கு இருபதாண்டு வரை சிறை என்று விதித்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, விதி இல்லாததால் ஏடு அழியவில்லை என்பதே. விதி இருந்தது; அதன் பெயரும் ஏடு காக்கும் விதியே. காக்கும் விதியின் பெயராலேயே அழித்தார்கள். எந்த விதியையும் அதன் எழுத்தைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கொல்ல முடியும். ஆதலால் 'எத்தனை ஆண்டு?' என்னும் கேள்வி மட்டும் போதாது. 'காப்பது யார் நலனுக்காக? அழிப்பது யார் நலனுக்காக?' என்னும் கேள்வியே மூலக் கேள்வி. பணம் கொடுத்தவனுடைய நலனுக்காக ஓர் ஏடு காக்கப்பட்டால் அது அறம். வைத்திருப்பவனுடைய பாதுகாப்புக்காக அழிக்கப்பட்டால், நூறாண்டு கழித்து அழித்தாலும் அது குற்றமே.

ஏடே விலங்கான கதை

'அப்படியானால் எல்லா ஏட்டையும் என்றென்றைக்கும் காக்கவேண்டியதுதானே?' என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் சரியன்று. ஏட்டினால் துன்புற்ற கதை நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது என்பர். அதனோடு கூடவே வளர்ந்திருந்த கங்காணி முறையில், கப்பல் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. எழுதினவன் ஒருவன், கைநாட்டு வைத்தவன் வேறொருவன். அந்த ஏட்டைப் படிக்கக் கூடாதவனுக்கு அது கணக்காக இல்லை. காலில் மாட்டிய சங்கிலியாக இருந்தது.

இக்காலத்திலும் ஒருவருடைய வருவாய், நோய், குடும்பம், கடன் முதலிய செய்திகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, அவற்றை அவர்க்கு எதிராகவே பயன்படுத்தும் கம்பெனிகள் உண்டு. அதனாலேயே 2010ஆம் ஆண்டுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்தபின் ஒருவருடைய சொந்தச் செய்திகளை வைத்திருக்கலாகாது என்றது. ஒரு சட்டம் காக்கவேண்டுமென்கிறது. மற்றொரு சட்டம் அழிக்கவேண்டுமென்கிறது. இவை முரண்படுவனவல்ல. இரண்டுக்கும் அடியிலுள்ள நியாயம் ஒன்றே. உரியவருக்குத் துணையாகும் ஏட்டைக் காத்தல் வேண்டும். உரியவருக்கு எதிராகப் பயன்படும் ஏட்டை அழித்தல் வேண்டும். எதைச் செய்தாலும் உரியவர்க்கு அறிவித்துவிட்டுச் செய்தல் வேண்டும்.

காப்பது மட்டும் போதாது, காட்டவும் வேண்டும் என்பதற்குச் சென்னை நகரமே சான்று. அங்கே ஆர்பத்னாட் என்னும் வெள்ளையர் வங்கி, பெரிய மனிதர் முதல் சிறு சேமிப்பாளர் வரை பலருடைய பணத்தை வாங்கி வைத்திருந்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அது முறிந்தது. முறிவதற்கு முன்பே அதன் கடன் சொத்தை மிஞ்சியிருந்தது. ஏடுகள் இருந்தன, ஆனால் பணம் போட்டவர் கண்ணுக்கு அவை எட்டவில்லை. வங்கித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்னாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த அடியின் விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. துரைமாரின் நாணயம் கேள்விக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கையும் அன்றோடு முறிந்தது.

பொய்யாக எழுதிய ஏட்டின் கதையும் நம்மிடையே உண்டு. 1930களில் ரப்பர் உற்பத்திக் கட்டுப்பாடு வந்தபோது, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கு விதிமுறை கடுமையாக இருந்தது. மலாயாவில் ஒரு தந்தை தம் நிலத்தில் நாற்பது ஏக்கரை மகன் பெயருக்கு மாற்றி எழுதி, தம்மிடம் நூறு ஏக்கருக்குக் குறைவாகவே இருப்பதாக அரசுக்குக் காட்டினார். பின்னர் நிலம் உண்மையில் தம்முடையதே என்று வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அரசை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைப் பொய்யென்று நீயே சொல்லி நீதி கேட்க முடியாது என்று 1962இல் தீர்ப்பாயிற்று. எழுதும்போது பொய்யாயிருந்த ஏடு, எழுதியவனுக்கே எமனாயிற்று.

நம் பணம்

இவையெல்லாம் பணக்காரர் காரியம், நமக்கென்ன என்று தோட்டத் தோழர்கள் எண்ணலாகாது. நம் சமூகத்தின் பொதுப் பணத்தின் வரலாறே இக்கேள்வியின்மேல் நிற்கிறது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அப்போது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி பெற்றவர்கள் அந்தப் பத்து வெள்ளியை எப்படிச் சேர்த்தார்கள் என்பதை அவர்கள் வீட்டு அடுப்பு அறியும். அவ்வாறு சேர்ந்த பணத்தால் தொழிலாளரே தோட்டங்களை வாங்கினர். அந்த முயற்சி நின்றதற்குப் பேச்சு மட்டும் காரணமன்று. இன்ன தோட்டத்து இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று எழுதிக் காத்த உறுப்பினர் பதிவேடும் காரணமாகும்.

1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தோன்றியபோதும் நம்மவர் அதே ஆர்வத்தோடு கொடுத்தனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடமிருந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர் பலர். 1990இல் டெலிகாம் பங்குகள் ஒதுக்கப்பட்டது பற்றி எழுந்த கேள்விகள் பல்லாண்டு பத்திரிகைகளில் பேசப்பட்டன. இறுதியில் 2010இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு எண்பது காசு என்று விலை கூறப்பட்டது. அங்கு நடந்ததற்கு நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அந்தந்த முடிவை எடுத்த நாளில், ஏன் எடுத்தோம் என்ற காரணக்கணக்கு எழுதப்பட்டு, ஒவ்வொரு பங்குதாரர்க்கும் புரியும் தமிழில் அனுப்பப்பட்டிருந்தால், நேர்மையாளர் மேல் பழி வந்திராது. பழிக்குரியவர் மறைந்திருக்கவும் முடியாது. ஏடு விளங்காத இடத்தில் வதந்தி விளங்கும்.

சட்டத்துக்குப் புறம்பான சிறு ஏற்பாடுகளைப் பற்றியும் ஒரு சொல். கூட்டுப் பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. நம் சொல்லே அச்சட்டத்தின் பெயரில் ஏறியிருப்பது நமக்குப் புகழன்று. இன்றும் மெர்லிமாவிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும், மாதம் இத்தனை விழுக்காடு இலாபம் என்று சொல்லி வருபவரிடம், அவர் நெற்றியையும் பேச்சையும் பார்த்துப் பணத்தைக் கொடுப்போர் இருக்கிறார்கள். அவர் பங்குச்சந்தை ஆணையத்தில் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமாம்! மாசிமகத்தன்று சேங் சன்னாசிமலைக்குச் செல்லும் ரதத்தின் அழகை ஒன்றுவிடாமல் வருணிக்கத் தெரிந்த நமக்கு, நம் வீட்டுப் பணம் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

செய்யத்தக்கது

இத்தொழிலில் நம் பிள்ளைகள் பலர் இன்று சேர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது நான்கு. காரணத்தை அன்றே எழுதுங்கள். பணம் உரியவர் கைக்குத் திரும்பும்வரை ஏட்டைக் காத்து, சட்டத்தின் ஏழாண்டை அதற்குப் பின்னர் எண்ணத் தொடங்குங்கள். அழிக்கவேண்டிய நாள் வரும்போது, உரியவர்க்கோ அவர் வாரிசுக்கோ எழுதி அறிவித்து, அவர் கேட்டால் நகலைக் கொடுத்துவிட்டு அழியுங்கள். வேலையை விட்டுப் போகும்போது ஏட்டை எடுத்துக்கொண்டும் போகாதீர்கள், குழப்பி வைத்துவிட்டும் போகாதீர்கள். ஏடு நிறுவனத்தின் உடைமையென்று நெறி சொல்லுகிறது. நான் அதற்கு மேல் ஒன்று கூறுவேன். காகிதம் நிறுவனத்தினுடையது, அதிலுள்ள உண்மை பணம் கொடுத்தவனுடையது. வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசிய அதிகாரத்தின் முடிவில் வணிகனை நிறுத்தியது காரணமின்றியன்று. பிறர் பொருளைத் தன் பொருள்போல் காப்பவன் தன் வீட்டுப் பத்திரத்தை ஏழாண்டில் எரிப்பானா?

பணம் கொடுப்போர்க்கும் கடமை உண்டு. ரசீதைப் பெறாமல் பணம் கொடுக்கலாகாது. ரசீதிலுள்ள பெயர் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று படித்தவரைக் கொண்டு பார்க்கவேண்டும். 1948 முதல் அடையாள அட்டை எழுதப்பட்ட காலத்தில், காதில் விழுந்தபடியெல்லாம் நம் பெயர்கள் எழுதப்பட்டன. தகப்பன் பெயரில் ஓரெழுத்து மாறியதால் சேமநிதிப் பணத்துக்கு அலைந்த குடும்பங்கள் எத்தனை! வீடு மாறினால் முகவரியை அறிவிக்கவேண்டும். வாரிசின் பெயரை எழுதிக்கொடுக்கவேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்று, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிவிடாமல், கணக்கைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்கவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்காதிருப்பதே சுயமரியாதைக் குறைவு.

இனி அந்த மூதாட்டியின் கேள்விக்கு விடை சொல்லலாம். 'படித்தவர்கள் ஏன் வைத்துக்கொள்ளவில்லை?' அவருக்கு அந்தத் தாள் தம் உழைப்பாகத் தெரிந்தது. அவர்களுக்கு அது காலங்கடந்த காகிதமாகத் தெரிந்தது. படிப்பு அவர்களுக்கு விதியைக் கற்பித்தது. விதி எதற்காக என்பதைக் கற்பிக்கவில்லை. அந்தத் தாளை அவர் இன்னும் அதே டின்னில் வைத்திருக்கிறார். வேறெங்கும் இல்லாத கணக்கு அந்த ஒரு தாளிலேயே இருக்கிறது.

எமபுரிக் கணக்கை நம்புவோர் நம்பட்டும். அது தீர்க்கப்படுவது இறந்தபின்னர். உயிரோடு இருக்கும்போதே தீர்க்கவேண்டிய கணக்கு நமக்குண்டு. அதை எழுதவேண்டியவர் மனிதர், காக்கவேண்டியவர் மனிதர், கேட்கவேண்டியவரும் மனிதரே.